ஹவ்வாவின் தொண்டை

ஹவ்வா வாயைத் திறந்தால் ஓடுகிற பஸ்ஸும் நிற்கும் என்று உக்குவளையில் ஒரு பேச்சு உண்டு. சும்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மகன் மிஹ்லார் சாப்பாட்டுப் பார்சலை மறந்துவிட்டு மாத்தளை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். ஹவ்வா வாசலில் நின்றபடியே ஒரு குரல் விட்டாள். பஸ் வளைவைத் தாண்டிப் போய் நின்றது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத டிரைவர் இறங்கி வந்து, யாருக்கு என்ன ஆனது என்று பதறிப்போய்க் கேட்டார்.

அப்பேர்ப்பட்ட தொண்டைக்கும் அசையாத மனிதர் ஒருவர் இருந்தார். அவள் புருஷன் மீராசாஹிப். மிளகு, கராம்பு யாவாரம். முப்பது வருஷமாக அந்தக் குரலுக்குப் பக்கத்திலேயே இருந்து இருந்து அவருக்குக் காது மரத்துப் போயிருந்தது. அவள் என்ன கத்தினாலும் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டுவார். சரி, சரி, கேட்டுவிட்டது என்று அர்த்தம். கேட்டபடி செய்வார் என்று அர்த்தம் இல்லை.

சுனாமி வந்துபோய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அலை அடித்த கையோடு மாத்தளைப் பள்ளிவாசல்களிலிருந்து அரிசி, பருப்பு, பாய், சட்டி என்று லொறி லொறியாகச் சாமான் போனது. ஒரு லொறியில் மிஹ்லாரும் ஏறினான். கிண்ணியாப் பக்கம் ஒரு கரையோர ஊரில் சாமான் இறக்கப் போனவன், வாரக்கணக்கில் அங்கேயே கிடந்து, முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆஸியா என்ற பெண்ணைப் பார்த்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றான். அதுவரைக்கும் அவனுக்கு உயிர் என்றால் அவனுடைய சிவப்பு மோட்டார் சைக்கிள்தான். காகம் எச்சமிட்டால்கூடச் சோற்றை விட்டு எழுந்து போய்த் துடைக்கிறவன்.

பெண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் கடலில்தான். அந்தப் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருக்க வேண்டும். அந்த வீடு முன்பு நின்ற அதே வளவில், அதே கடலுக்கு முன்னால் திரும்பக் கட்டப்பட்டிருந்தது.

"பெத்து வளத்து, கொண்டுபோய்க் கடலுக்குக் குடுக்கவா?" என்று ஹவ்வா கேட்டாள். சமையலறையில் கேட்டது, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கும் விளங்கியது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நோய். ரேடியோவில் எங்கே நிலம் ஆடினது, எங்கே எத்தனை பேர் மவுத் என்று சொன்னாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். கேட்டுவிட்டு, பூகோளம் படிப்பிக்கிற தன் தம்பி ஜுனைதீனைப் பிடித்து உலுக்குவாள். அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்தால் அதை வைத்தே உலகத்தைக் காட்டுவார்.

"மார்ச்லயும் அதே பக்கம் ஒண்டு வந்துச்சே தம்பி. அதுவும் பெருசுதானே? அப்ப மட்டும் கடல் ஏன் நம்மகிட்ட வரல்ல?"

"கடலுக்கு அடியில தரை எவ்வளவு தண்ணியத் தூக்கி எறியுதுங்கிறதுதான் கணக்கு ராத்தா. மார்ச்ல ஆடினது கூடுதலா தீவுக்குக் கீழ. தண்ணி அவ்வளவா எழும்பல்ல."

"சரி. நோன்புல பாக்கிஸ்தான்ல வந்தது?"

"அது ரெண்டையும்விடச் சின்னது."

"சின்னதா! எழுபதாயிரம் பேருக்கு மேலன்னு சொல்றாங்களே!"

"கல்லு வீடு. மலைச் சரிவு. காலையில பள்ளிக்கூட நேரம். பிள்ளைங்க எல்லாம் கூரைக்குக் கீழ இருந்திருக்காங்க." ஜுனைதீன் கோப்பையைக் கீழே வைத்தார். "பெருசு சின்னதப் பாத்து மவுத் வாறதில்ல ராத்தா. போன டிசம்பர்ல ஆடின எடத்துக்கு ஆகக் கிட்ட ஒரு தீவு இருக்கு. கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள அலை வந்துடுச்சு. செத்தவங்கள விரல் விட்டு எண்ணலாம்."

"அதெப்படி?"

"அவங்க பாட்டன் காலத்துல ஒருக்கா கடல் வந்து ஊரே போயிருக்கு. அதுக்கு 'ஸ்மோங்'ன்னு பேர் வச்சு, பிள்ளைகளுக்குப் பாட்டாப் பாடி வச்சிருக்காங்க. நிலம் ஆடினதும் ஒருத்தர் 'ஸ்மோங்'ன்னு கத்தினாப் போதும். ஏன், எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல. அடுப்புல இருக்கிறது அடுப்புலயே கிடக்க, எல்லாரும் மலைக்கு ஓட்டம்."

"அப்ப உங்க ராத்தாவ அங்க அனுப்பி வைப்போம். ஸ்பீக்கர் செலவு மிச்சம்" என்றார் மீராசாஹிப், மிளகைப் புடைத்துக்கொண்டே.

ஹவ்வா அவரை முறைத்தாள். இத்தனையும் கேட்டு அவள் கண்ட முடிவு ஒன்றுதான்: கடல் இருக்கிற இடத்தில் என் மகன் இருக்கக் கூடாது. மலையடியில் பிறந்தவன் மலையடியில் இருக்கட்டும். இங்கே என்ன வரப்போகிறது?

பெருநாள் முடிந்து இரண்டாவது கிழமை, பெண்ணின் உம்மா நூருன்னிஸா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு பேச வந்தாள். நல்ல மழைக் காலம். நாள் கணக்காக விடாமல் கொட்டிவிட்டு அன்றைக்குத்தான் வானம் கொஞ்சம் வெளித்திருந்தது. ஹவ்வா சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். சாப்பாடு முடிந்து வட்டிலப்பம் வைக்கும்போது பக்குவமாகச் சொல்ல வேண்டும். உங்க மகள் தங்கம், ஆனா எனக்கு இருக்கிறது ஒரே மகன். இவ்வளவுதான். மிஹ்லாருக்கு இது தெரியாது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பாவம், குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பப் போகிற விருந்துக்கும் புரியாணி புரியாணிதானே. மீராசாஹிப் விடிந்ததிலிருந்து முன்வாசல் தகரக் கொட்டிலில் கிடாரத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் அவர் கை படாத கல்யாணப் புரியாணி இல்லை. யாவாரத்தில் நட்டம் என்றால் சிரித்துவிட்டுப் போவார்; புரியாணியில் உப்பு ஒரு விரல் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் மூன்று நாள் பேசமாட்டார். மூடியை மாவு வைத்து ஒட்டி, மேலே தணலை அள்ளிப் போட்டு, தம்மில் விட்டுவிட்டுச் சொன்னார்: "ஹவ்வா, கிடாரத்துக்கிட்டப் போகாத. மூடியில கை வைக்காத. நான் பாத்துக்குவேன்."

வீட்டின் முன்பக்கம் ரோடு. பின்பக்கம் சமையலறை. சமையலறைச் சுவரை ஒட்டி நேராக மேலே ஏறுகிறது மலை. மிளகுக் கொடியும் பாக்கு மரமுமாக ஒரு செங்குத்து. மேலே ஊற்று ஒன்று. அதிலிருந்து கறுப்பு ஹோஸ் போட்டுச் சமையலறைக்குத் தண்ணீர் இறக்கியிருந்தார்கள். அந்தக் கிழமை பாக்கு மரங்கள் ஏழெட்டு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. காற்றுக்குத்தான் என்றார் மீராசாஹிப். சரி, காற்றுக்குத்தான் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

நூருன்னிஸா பேசவே மாட்டாள் போலிருந்தது. வந்ததிலிருந்து சலாம் சொன்னதோடு சரி. சமையலறையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து வெங்காயத்தைக் கேட்டு வாங்கி உரித்துக்கொண்டிருந்தாள். ஹவ்வாவுக்கு மௌனம் என்பது ஒத்துக்கொள்ளாத சாப்பாடு. பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை, நேராகவே கேட்டுவிட்டாள்.

"அன்டைக்கு என்ன நடந்துச்சு?"

நூருன்னிஸா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கடல் உள்ளுக்குப் போயிட்டு ராத்தா. தரை தெரிஞ்சிச்சு. மீன் எல்லாம் துள்ளிக்கிட்டுக் கிடந்திச்சு. மனிசனும் ரெண்டு ஆம்பிளப் புள்ளைகளும் சிரிச்சுக்கிட்டுப் பொறுக்கப் போனாங்க. எனக்கு என்னவோ மாதிரி இருந்திச்சு. போகாதீங்க, வாங்க, வாங்க எண்டு கத்தினன்."

"அவங்க காதுல விழல்லயா?"

"விழுந்திச்சு. மனிசன் திரும்பிப் பாக்காம கைய மட்டும் ஆட்டினாரு."

ஹவ்வா கை கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்தாள். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பிறகு சேறாக வந்தது. பிறகு இரண்டு முறை இருமிவிட்டு நின்றே போனது.

"தண்ணி நிண்டு போச்சு!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு முன்வாசலில் இருந்த ஆம்பிளைகள் எழுந்தார்கள். மழைக்கு ஹோஸ் வாயில் குப்பை அடைப்பது இங்கே நடக்கிற விஷயம்தான். தண்ணீர் நின்றால் மேலே ஏறிக் குப்பையை எடுத்துவிட்டு வருவார்கள். உக்குவளையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். விருந்து நேரம், கை கழுவவும் தொழுகைக்கு ஒழு எடுக்கவும் தண்ணீர் வேண்டும். மீராசாஹிப் சாரத்தை மடித்துக் கட்டினார். மிஹ்லார் புதுச் சட்டையோடு பின்னால் போனான். நம்ம ஊர் ஊற்றைக் காட்டுகிறேன் என்று ஜுனைதீன் பெண்ணின் மாமாவையும் கூட்டிக்கொண்டார். நாலு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு சரிவில் ஏறினார்கள்.

நூருன்னிஸா எழுந்து நின்றாள். கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது. வறண்ட குழாயைப் பார்த்தாள், ஜன்னல் வழியே மேலே போகிற ஆம்பிளைகளைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் மூச்சு மாதிரி ஒன்று வந்தது.

"உள்ளுக்குப் போயிட்டு."

யா அல்லாஹ்! ஹவ்வா ஜன்னல் வழியே மேலே பார்த்தாள். சாய்ந்த பாக்கு மரம், சேற்றுத் தண்ணீர், நின்றுபோன குழாய். மலைச் சரிவு என்று தம்பி கோப்பையை வைத்துச் சொன்னது பாக்கிஸ்தானில் மட்டுமா இருக்கிறது?

பின்வாசலுக்கு ஓடினாள். "மேல போகாதீங்க! இறங்குங்க! மிஹ்லார்ட வாப்பா! மலை வருது! இறங்குங்க!"

ஊரே கேட்டிருக்கும். மீராசாஹிப் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். மற்ற மூன்று பேரும் நின்று திரும்பி, அவர் போவதைப் பார்த்துவிட்டு, அவர்களும் போனார்கள்.

அந்தக் கை ஆடியதைப் பார்த்த நூருன்னிஸா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஹவ்வாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பாவி மனுஷா, இந்த ஒரு தடவை கேளேன்! இன்னொரு தடவை கத்தலாம். இன்னொரு தடவையும் கையை ஆட்டுவார். ஏன், எதுக்குன்னு கேட்காமல் இந்த ஆள் எதற்கு ஓடி வருவார்? முப்பது வருஷத்தில் எதற்கு ஓடி வந்திருக்கிறார்?

மூச்சை இழுத்து வயிற்றிலிருந்து விட்டாள்.

"புரியாணி அடிப்பிடிச்சிருச்சூ! நான் மூடியத் திறந்துட்டேன்!"

மீராசாஹிப் திரும்பினார். அதோடு ஓடி வந்தார் என்று சொல்ல முடியாது, பறந்து வந்தார். சாரம் அவிழ்ந்ததை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சறுக்கி, எழுந்து, "தொடாதேன்னு சொன்னேனே! தொடாதேன்னு சொன்னேனே!" என்று கத்திக்கொண்டு இறங்கினார். வீட்டுக்காரர் இப்படி ஓடினால் மற்றவர்கள் நிற்பார்களா? என்ன என்று தெரியாமலே மூன்று பேரும் பின்னால் விழுந்தடித்து வந்தார்கள். ஹவ்வா நூருன்னிஸாவைத் தூக்கி நிறுத்தி இழுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். கிடாரத்தில் குனியப் போன புருஷனை இரண்டு கையாலும் தள்ளி, எல்லாரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் விரட்டினாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று அவர் கேட்டு முடிக்கவில்லை.

முதலில் மரங்கள் முறிகிற சத்தம். அப்புறம் லொறி லொறியாகக் கல் கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல், காலுக்குக் கீழே ரோடு நடுங்கியது. ஊற்றடி, மிளகுக் கொடி, பாக்கு மரம் எல்லாம் சேர்ந்து இறங்கி, சமையலறையை மூடி, பின்னறையில் பாதியையும் வாங்கிக்கொண்டு நின்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஜுனைதீன் ஆட்களை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். ஆறு பேர். எல்லாரும் இருந்தார்கள். மிஹ்லாரின் புதுச் சட்டை கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

முன்வாசலில் கிடாரம் நின்ற இடத்திலேயே நின்றது. மீராசாஹிப் ரோட்டைக் கடந்து போய் மூடியை நெம்பினார். ஆவி எழுந்தது. சோறு பொன் பொன்னாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தது.

"அடிப்பிடிக்கவே இல்லயே" என்றார்.

"இல்ல. பொய்தான்."

அவர் சோற்றையும் பார்த்தார், மண்மேடாகக் கிடந்த சமையலறையையும் பார்த்தார். பிறகு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, பெண்சாதியின் முகத்தை முழுதாகப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. கரண்டியைத் தேடுகிற மாதிரித் திரும்பிக்கொண்டார்.

நூருன்னிஸா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஹவ்வா பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கடல் வருது, கடல் வருது எண்டு கத்தினன் ராத்தா," என்றாள். "சோறு கருகிட்டு எண்டு கத்தி இருக்கணும்."

சொல்லிவிட்டு அழுதாள். அவள் தம்பி தலை குனிந்துகொண்டான். அந்த ஒரு வருஷத்தில் அக்கா அழுது பார்த்ததில்லை என்று பிறகு சொன்னான். ஹவ்வா அவளைத் தன் தோளில் சாய்த்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். பக்குவமாகச் சொல்ல வைத்திருந்த சொல் எல்லாம் சமையலறையோடு போய்விட்டது. தேடிப் பார்க்கவும் அவளுக்கு மனமில்லை.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் ஹவ்வா குனிந்து நூருன்னிஸாவின் காதில் ரகசியமாகப் பேசினாள். ரகசியம் என்று அவள் நினைத்தாள்; ரோட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஆஸியாகிட்டச் சொல்லி வைங்க. கடல் உள்ள போனா, கடல் கிடல்னு கத்திக்கிட்டு நிக்க வேணாம். 'உங்க பைக்க யாரோ எடுத்துட்டுப் போறான், அந்தா மேட்டுப் பக்கம் போறான்'னு கத்தட்டும். எங்கட மிஹ்லார் ஏன் எதுக்குன்னு கேக்காம ஓடுவான். அவளும் பின்னாலயே ஓடட்டும்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மிஹ்லார் கிழிந்த சட்டையோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மீராசாஹிப் மூக்கை உறிஞ்சிவிட்டு, சோறு ஆறுது, எல்லாரும் வாங்க என்று கூப்பிட்டார். ஹவ்வா போனாள்.