அவர் நின்ற இடங்கள்

1.

இந்தக் கதை பிறந்த இடம் மலை அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது ஓர் எலும்பு மருத்துவரின் காத்திருப்பு அறை. மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு முழங்கால், என் கையில் பதினேழாம் எண் சீட்டு. குதிகால் வலிக்காகப் போயிருந்தேன். பதினாறாம் எண்காரர் தன் எக்ஸ்ரே உறையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். போன வருடம் எங்கள் எட்டுப் பேரை ஏழு நாள் மலையில் நடத்திக் கூட்டிப்போன வழிகாட்டி.

அந்த நடையைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். 'நிற்கத் தெரிந்தவர்' என்று தலைப்பு. எல்லா வழிகாட்டிகளும் நடக்கச் சொல்லித்தருவார்கள், இந்த அம்மாள் ஒருவர்தான் நிற்கச் சொல்லித்தந்தார் என்று உருகித் தள்ளியிருந்தேன். ஒரு பாசிக்காக நிற்பார், பாறையில் ஓடும் ஒரு வெள்ளைக் கோட்டுக்காக நிற்பார், கம்பை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்க்கச் சொல்வார். கட்டுரையைப் படித்துக் கண் கலங்கியதாக நாலைந்து பேர் கடிதம் போட்டார்கள்.

"படிச்சேன் சார்," என்றார் வழிகாட்டி. "ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. ஆனா அது அவ்வளவும் என் முட்டிவலி."

2.

இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் எழுத எழுதப் போனில் படித்துக்காட்ட வேண்டும் என்றார். எந்த எழுத்தாளனும் ஒத்துக்கொள்ளக்கூடாத நிபந்தனை. ஒத்துக்கொண்டேன்.

தொடக்கம் ஒன்று: "மலைமுகட்டில் விடியல் தயங்கித் தயங்கி—" வேண்டாம். தயங்கியது நான்.

தொடக்கம் இரண்டு: "மலை அவரை அழைத்தது."

"மலை எங்க சார் கூப்பிட்டுச்சு? ஆபீஸ்லேருந்து கூப்பிட்டாங்க."

தொடக்கம் மூன்று: "இந்த வருட நடைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம், சாமான் அறையில், வழிகாட்டி எட்டு மழைக்கோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு உட்கார இடம் தேடினார்."

"இது சரி," என்றார். "மேல படிங்க."

3.

உட்கார இடம் தேடினார். உட்கார்ந்தால் எழும்போது முகம் காட்டிக்கொடுக்கும் என்பதால் உட்காரவில்லை. கூடாரப் பைகளின் மேல் சாய்ந்து நின்றுகொண்டார். அறையில் ஈரத்துணி வாடை. உத்தரத்தில் தொங்கும் எடைக்கொக்கியில் அவருடைய கொழுந்தன் ஒவ்வொரு பையாக மாட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக அண்ணி வரிசையின் முன்னால், கொழுந்தன் வரிசையின் கடைசியில். நடுவில் வாடிக்கையாளர்கள்.

மருத்துவர் சொன்னது அவர் காதிலேயே இருந்தது. நடக்கலாம், ஏறலாம், இறங்கத்தான் கூடாது. ஏறிக்கொண்டே போகிற மலை எங்கேயாவது இருந்தால் வாசகர்கள் தெரியப்படுத்தலாம்.

நாலாம் நாள் ஒரு சரிவு வரும். முழுக்க உதிரிக் கற்கள். அங்கிருந்து பக்கத்துச் சாலைக்கு ஒன்றரை நாள் நடை. முழங்கால் அங்கே பிடித்துக்கொண்டால் இந்த முறை வரும் எட்டுப் பேரும் அவரோடு நடுச்சரிவில் மாட்டிக்கொள்வார்கள். அலுவலகத்தில் உண்மையைச் சொன்னாலோ, இதே சாமான் அறையில் மழைக்கோட்டு எடுத்துக்கொடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருட நடைக்குப் பிறகு கோட்டு எடுத்துக்கொடுப்பது.

இத்தனை நாள் எப்படி ஒருவருக்கும் தெரியவில்லை என்று கேட்பீர்கள். மலை நடையில் ஒரு விதி உண்டு. குழுவிலேயே மெதுவாக நடப்பவரை முன்னால் விடவேண்டும், மற்றவர்கள் அவர் வேகத்துக்கு நடக்கவேண்டும். கடைசியில் விட்டால் அவர் மூச்சு வாங்கி வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்து எழுந்துவிடுவார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது. போன வருடம் எங்கள் குழுவில் மெதுவாக நடந்தவர் எப்போதும் முன்னால்தான் நடந்தார். அவரை வழிகாட்டி என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.*

*வெறும் நடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நின்றால் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. அதற்காகவே பாறைகளைப் பற்றியும் பாசிகளைப் பற்றியும் மூன்று வருடமாகத் தடித் தடியாகப் புத்தகம் படித்திருக்கிறார். கட்டுரைக்காக நான் படித்ததைவிட அதிகம்.

4.

கொழுந்தன் விஷயத்தில் நான் தடுமாறினேன். கதை என்றால் ஒரு கெட்டவன் இருந்தால் சௌகரியம். அதனால் முதல் வரைவில் அவரை அண்ணியின் இடத்தின்மேல் கண் வைத்தவராக ஆக்கினேன். "அவருடைய கண்கள் கழுகைப் போல—"

"அவனா?" போனில் வழிகாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். "முன்னாடி நடன்னு சொன்னாலே அவனுக்கு வேர்த்துடும் சார். எட்டுப் பேருகிட்ட பேசணும்ல."

கழுகை அடித்துவிட்டேன். அதன்பின் நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

கொழுந்தன் அண்ணியின் பையைக் கொக்கியில் மாட்டினார். முள்ளைப் பார்த்தார். பையைத் திறந்து, கயிற்றுச் சுருளை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"கயிறு என்கிட்ட இருக்கணும். ஏன் எடுக்கற?"

"எப்படியும் ரெண்டாம் நாள் காலையில என்கிட்டதான் வரப்போகுது அண்ணி. இங்கேயே எடுத்துக்கறேன்."

"என்ன சொல்ற?"

"மூணு வருஷமா அப்படித்தான். காலையில கயிறும் பாத்திரமும் என் பைக்கு வந்துடும். சாயங்காலம் கூடாரம் போட்டதும் உங்க பைக்குப் போயிடும்."

ரெண்டாம் நாளிலிருந்து முட்டி பரவாயில்லை என்று அவர் மூன்று வருடமாக நம்பியிருந்தார். புதிதாக வாங்கிய தைலம்தான் வேலை செய்கிறது என்று நினைத்தார். ("நாலு பேர்கிட்ட வேற அந்தத் தைலத்தை வாங்கச் சொல்லிட்டேன் சார்.")

"தெரிஞ்சும் ஏன்டா கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்." கொழுந்தன் அடுத்த பையை மாட்டினார். திரும்பிப் பார்க்காமலே பேசினார். "எங்கிட்ட மறைச்சீங்க, பரவால்ல. நான் வீட்டு ஆளு. நடுவுல எட்டுப் பேரு வராங்களே அண்ணி. அவங்க உங்க காலை நம்பித்தான வராங்க?"

இந்த இடத்தில் பதிலாக ஒரு நல்ல வசனம் எழுதி வைத்திருந்தேன். வழிகாட்டியோ மழைக்கோட்டுகளை இன்னொரு முறை எண்ணினாராம்.

5.

அன்று சாயங்காலம் அவருக்கு மூன்று முடிவுகளைப் படித்துக்காட்டினேன்.

அ) நாலாம் நாள் முழங்கால் மடங்குகிறது. கொழுந்தன் அண்ணியை முதுகில் சுமந்து சரிவில் இறங்குகிறார். எட்டுப் பேரும் கைதட்டுகிறார்கள்.

"அந்தக் கல்லுல வெறுங்கையோட இறங்கறதே பெரும்பாடு. என்னையும் தூக்கிட்டா? ரெண்டு பேரும் உருண்டு போயிடுவோம் சார்."

ஆ) அவர் அலுவலகத்தில் சொல்லிவிடுகிறார். சாமான் அறையில் உட்கார்ந்து, புறப்படுகிறவர்களுக்குக் கோட்டு எடுத்துக்கொடுத்துச் சந்தோஷமாக வழியனுப்புகிறார்.

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"சந்தோஷமாவா?" என்றார்.

அந்தச் சொல்லை அடித்தேன். அப்புறம் முழுப் பத்தியையும் அடித்தேன். எனக்கே அழுகை வந்துவிட்டது என்பதை இங்கே எழுதினால் கேலி செய்வார், எழுதிவிட்டேன்.

இ) ஒன்றும் ஆகவில்லை. மெதுவாக, கம்பை ஊன்றி, எல்லாரும் பத்திரமாக இறங்கிவிடுகிறார்கள்.

இதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"மூணுலயும் இதுதான் மோசம்," என்றார் வழிகாட்டி. "இதைக் கேட்டா நான் அடுத்த வருஷமும் கிளம்பிடுவேன்."

"அப்ப என்னதான் எழுதறது?"

"எனக்கே தெரியல. நாளைக்குக் காலையில வண்டி. ஆபீஸ்ல இன்னும் சொல்லல. அவங்க எட்டுப் பேருக்காவது சொல்லணும், வாய் வரமாட்டேங்குது. நீங்க எழுதற ஆளுதானே, அதுக்கு ஒரு வாக்கியம் எழுதித் தாங்களேன்."

அன்றிரவு முழுக்க—

(இல்லை. இரவெல்லாம் கண்விழிக்கவில்லை. பத்து நிமிடம் முயன்று பார்த்துவிட்டு, வரவில்லை என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். "எனக்கும்தான்" என்று பதில் வந்தது.)

6.

இதை நான் எழுதும் இன்று அவர்களுக்கு மூன்றாம் நாள். மேலே போன் எடுக்காது. நாளை காலை சரிவின் தலைப்பில் வந்து நிற்பார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் பல் மருத்துவர் என்று வழிகாட்டி கிளம்புமுன் சொல்லியிருந்தார். பாழாய்ப்போன என் கட்டுரையைக் கத்தரித்துப் பையில் வைத்திருக்கிறாராம். வழிகாட்டி நின்றால் போதும், குறிப்பேட்டைத் திறந்துவிடுவாராம்.

நான் அங்கே இல்லை. உங்களை அனுப்புகிறேன். வரிசையில் மூன்றாவது ஆள் நீங்கள். கீழே பார்த்தால் சாம்பல் நிறத்தில் உதிரிக் கற்கள், அடிவாரம் வரைக்கும் அதேதான். ஒரு புல் இல்லை, பாசி இல்லை. வழிகாட்டி நிற்கிறார். கம்பை ஊன்றிக்கொள்கிறார். பல் மருத்துவர் குறிப்பேட்டைத் திறந்து, "இங்க என்ன மேடம் பாக்கணும்?" என்று ஆவலோடு கேட்டுவிடுகிறார்.

வழிகாட்டி திரும்பி உங்கள் எட்டுப் பேரையும் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார். எல்லாருக்கும் பின்னால் கொழுந்தன் பையை இறக்கி வைக்கிறார்.

அவர் என்ன சொல்கிறார் என்று நான் எழுதமாட்டேன். அவர் நின்றதற்கு ஏற்கெனவே ஒரு முறை காரணம் எழுதி, ஊரையே நம்பவைத்தவன் நான். இந்த முறை அவருக்கு இரண்டடி தள்ளி நிற்பது நீங்கள். அவருக்கு வாய் வரவில்லையென்றால் நீங்களாவது கேளுங்கள். கற்களையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அவர் காலைப் பாருங்கள்.