சத்து மாத்திரைதானே?

கிளினிக் கட்டிலில் அண்ணி வெட்டிப் போட்ட கீரைத்தண்டாகத் துவண்டு கிடந்தாள். காலையிலிருந்து ஓயாத வாந்தி. எவ்வளவு தண்ணீர் குடித்தும் நாக்கு வறண்டது, பேச்சும் குழறியது.

"போன வருஷம் வந்த வைரஸ் காய்ச்சல்லேருந்தே இவ தேறல, டாக்டர். எப்பப் பார்த்தாலும் அசதி, உடம்பு வலி," என்றான் அண்ணன்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறாங்களா?"

"ஒண்ணும் கிடையாது."

சுவரோரம் நின்றிருந்தாள் அவன் தங்கை. ஹெல்த் வீடியோ ஒன்று விடாமல் பார்ப்பவள். வீட்டில் பெயரே 'டாக்டரம்மா'. மூன்று மாதமாக அண்ணிக்கு வைட்டமின் டி மாத்திரை கொடுத்து வந்தது அவள்தான். அது அண்ணனுக்கும் தெரியும். சத்து மாத்திரையை அந்த வீட்டில் யார் மருந்துக் கணக்கில் சேர்த்தார்கள்?

"ரொம்ப பலவீனம். ட்ரிப்ஸோட கால்சியம் ஊசி ஒண்ணு போட்டுடலாம்," என்றார் டாக்டர்.

கால்சியமா!

வைட்டமின் டி உடம்பில் கால்சியத்தை ஏற்றும் என்று எந்த வீடியோவிலோ பெருமையாகச் சொன்னார்களே! ஏற்கெனவே ஏறிக் கிடந்தால்? வாயைத் திறக்கலாம்தான். திறந்தால் முழுக்கதையும் வெளியே வரும். நாத்தனார் கொடுத்த மாத்திரை என்றால் ஊர் சும்மா விடுமா?

நர்ஸ் ட்ரிப்ஸை மாட்டிவிட்டு, ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். ஊசி முனை ட்ரிப்ஸ் குழாயைத் தொட்டது.

"சிஸ்டர், போடாதீங்க!"

அறையே அவளைப் பார்த்தது. மாத்திரை விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னாள்.

"அறுபதாயிரம் யூனிட்டா? தினமுமா?" டாக்டர் எழுந்தே விட்டார். "யாரும்மா எழுதிக் கொடுத்தது?"

"எனக்கு எழுதினது. ஆனா நான் வாரத்துக்கு ஒண்ணுதான்..."

அண்ணன் மெல்லத் திரும்பினான்.

"உனக்கு வாரத்துக்கு ஒண்ணு. இவளுக்கு தினம் ஒண்ணா?"

"அண்ணி சீக்கிரம் தேறட்டும்னுதாண்ணா... சத்துதானே, மிஞ்சினா யூரின்ல போயிடும்னு நெனச்சேன்."

"இந்த வைட்டமின் போகாதும்மா, உடம்புலயே தங்கும்," டாக்டர் போனை எடுத்தபடியே சொன்னார். "கிட்னி, இதயம் ரெண்டுக்கும் ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன். உடனே கிளம்புங்க. நல்லவேளை, ஊசி ஏறல."

அண்ணனின் பார்வை அவளை விட்டு நகரவில்லை. கோபமாக இருந்தாலாவது தாங்கியிருப்பாள், ஆனால் அதில் இருந்தது சந்தேகம்.

"என்னை என்ன வேணா நெனச்சுக்கோ, அப்புறமா கேளு," என்று அண்ணியின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். "இப்ப அந்தப் பக்கம் பிடி."

பிடித்தான். தங்கையின் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை.