வெயிலில் வந்த தண்ணீர்

காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் நாகையா குத்துக்கல்லு மாதிரி இருக்க, என் மகள் ஓவியாவை மடியில் வைக்கச் சித்தப்பா மகன் சின்னச்சாமியை வரச்சொன்னேன். அண்ணனுக்குச் சொல்லவே இல்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

சண்டை மழையால் வந்தது. அண்ணனுக்கு வத்திராயிருப்பில், மலையடிவாரத்தில் வயல். எனக்கு விஸ்வநத்தத்தில் வெடிக் கம்பெனி வேலை. சீசனில் மழை பிடித்தால் சரக்கு காயாது. கூட்டிப்போன வேனே எங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடும், அன்றைக்குக் கூலி கிடையாது. அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் போட்டு, "மழைக்குப் பொங்கல் வச்சோம் வள்ளி, சாமி கண்ணத் தொறந்துருச்சு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க சாமி எங்க அடுப்புலல்ல தண்ணிய ஊத்திருச்சு" என்றேன்.

"வெடியையா திங்கப் போறீக? நெல்லத்தான திங்கணும்" என்றார். அதோடு பேச்சு நின்றது.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்தபோது காது குத்து வைத்தோம். எங்கள் குலசாமி இருப்பது அர்ச்சுனா நதிக்குள், ஆனைக்குட்டம் அணைக்கு மேற்கே. ஆறு என்று பேர்தான், எப்போதும் மணல். பந்தல், அடுப்பு, கிடா விருந்து எல்லாம் அந்த மணலில்தான். நாங்கள் வெயிலை நம்பிப் பிழைக்கிறவர்கள்; தலைக்கு மேலே வானத்தைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்வோம். அன்று பொட்டு மேகம் இல்லை.

சின்னச்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். என் போன் அடித்தது. அண்ணன்.

"இன்னைக்குக் காது குத்துன்னு கேள்விப்பட்டேன். ஆத்துக்குள்ளயா இருக்கீக? பிள்ளையத் தூக்கிட்டு மேல ஏறு. மலையில ராத்திரி பூரா கொட்டிருக்கு. இங்கன ரெண்டு ஓடையும் ஒண்ணாச் சேந்து, ஒங்க ஆத்துக்குத்தான் வருது. நான் பொறப்பட்டுட்டேன்." வைத்துவிட்டார்.

நான் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரர் காளீஸ்வரன் வானத்தைப் பார்த்துச் சிரித்தார். "மச்சானுக்குச் சொல்லலைன்னு வயித்தெரிச்சல். விசேசத்தக் கலைக்கப் பாக்காக. நீ பிள்ளைய உக்கார வை."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, தண்ணீராவது வருவதாவது. ஆனால் அண்ணன் என்னைத் திட்டுவார், ஏசுவார். ஓவியா விஷயத்தில் பொய் சொல்லமாட்டார். அந்தக் குரலில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தேன்.

"ஏலே சின்னச்சாமி, அண்டாவப் பிடி" என்றேன். முனகிக்கொண்டே எல்லாரும் ஏறினார்கள். கரையில் நிழல்கூட இல்லை. வியர்த்து ஒழுக, மாமியார் முதல் ஆசாரி வரை என்னைத்தான் வைதார்கள். நேரம் ஆக ஆக எனக்கே அழுகை முட்டியது.

பிறகு மேற்கே சலசலவென்று சத்தம் கேட்டது. சருகும் நுரையுமாகச் செந்தண்ணீர் மணலைத் தடவிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்புக்கல்லை மூடியது, பந்தல்காலைச் சாய்த்தது. ஓவியா உட்கார வேண்டிய பாய் மிதந்து போனது. வெயில் அப்படியேதான் அடித்தது. காளீஸ்வரன் மகளை என்னிடமிருந்து வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் தலைக்கு மேலே உள்ள வானம் மட்டும் எங்கள் ஆற்றுக்கு வானம் இல்லை. அண்ணன் வயலுக்கு மேலே இருப்பதும் எங்கள் வானம்தான். இத்தனை வருஷமாக இது எனக்கு உறைக்கவில்லை.

அக்கரையில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கிய ஆள் நெற்றியில் கையை வைத்து எங்களைத் தேடினார். வேட்டியெல்லாம் சேறு. அந்தக் கட்டையான உருவத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். நடுவில் அவர் ஊர்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னச்சாமி கரையில் துண்டை விரித்து உட்காரப் போனான். "நீ எந்திரிடா" என்றேன். போனை எடுத்தேன்.

"பிள்ளை நல்லாருக்காளா?" என்றார் அண்ணன்.

"நல்லாருக்கா. பாலத்தச் சுத்தி வாங்கண்ணே. அவ காத இன்னும் யாரும் தொடலை."