ஒரே பிரதி

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணி வேண்டுமென்று அண்ணன் நஞ்சப்பன் கூடத்திலிருந்து கேட்டார். பழனாத்தாள் பீரோவைத் திறந்து கணவனின் பழைய வேட்டியொன்றை உருவினாள். அதன் மடிப்பிலிருந்து பழுப்பு நிற உறையொன்று நழுவி அவள் பாதத்தில் விழுந்தது. ஒட்டப்பட்ட உறை. மேலே திருமூர்த்தியின் கையெழுத்தில் தொழிலாளர் நீதிமன்றம் என்று மட்டும் எழுதியிருந்தது.

உள்ளே இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். நான்கு நாட்களுக்கு முன் அவர் சமையலறையில் உட்கார்ந்து அதை எழுதி முடித்தார். அவளுக்கும் மகள் தமயந்திக்கும் வாசித்தும் காட்டினார். அவள் வேட்டியின் ஓரத்தைக் கிழித்து அண்ணனிடம் கொடுத்தாள். உறையை மடியில் செருகிக்கொண்டாள்.

இன்று காலை, ஆலைப் பேருந்துக்காக நின்ற இடத்திலேயே திருமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஐம்பது வயது நிறையவில்லை.

இராணுவத்துக்குக் கருவிகள் செய்து தரும் தனியார் ஆலையொன்றில் அவர் கணினி வலையமைப்பின் பாதுகாப்புப் பொறியாளர். எவர் உள்ளே நுழையலாம், எவர் எதைப் பார்க்கலாம், எவருக்கு எந்தக் கதவு அடைபட வேண்டும் என்று வரையறுப்பது அவர் தொழில். அவை கண்ணுக்குத் தெரியாத கதவுகள்தாம். ஆனால் அவற்றுக்கு வெளியே தள்ளப்படுகிறவனுக்கு வயிறு உண்டு, பெண்டு பிள்ளைகள் உண்டு.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பிப்ரவரியில் கோவை குண்டுகளால் கிழிந்தது. மார்ச்சில், தொலைபேசி இணைப்பு வழியாக எவனோ மூன்று முறை ஆலையின் வலையமைப்புக்குள் புகுந்திருப்பது தெரியவந்தது. நிர்வாகம் தடயத்தைத் தேடவில்லை. ஊழியர் பட்டியலைத்தான் தேடியது. அந்தப் பிரிவில் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் உக்கடத்து அப்துல் நாசர். பெயரே குற்றமாயிற்று, பெயரே சாட்சியுமாயிற்று. எழுத்தில் இல்லாத ஓர் உத்தரவு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தவனின் அனுமதியைத் திருமூர்த்தி தம் கையாலேயே ரத்து செய்தார். மறுவாரம் நாசருக்கு வேலை போயிற்று. அவர் வழக்குத் தொடுத்தார்.

செப்டம்பரில் திருமூர்த்தி ஓட்டையைக் கண்டுபிடித்தார். வீட்டிலிருந்தபடியே கோப்புகளைப் பார்க்கும் வசதிக்காக, ஆலையின் மேலாளர் யாரிடமும் சொல்லாமல் தம் அறையில், கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் ஒரு மோடத்தைப் பொருத்தி வைத்திருந்தார். அந்நியன் வந்த வழி அதுதான். சொன்னபோது, வாயை மூடிக்கொள்ளும்படி சொன்னார்கள். இரண்டு மாதம் மூடியிருந்தார். அந்த இரண்டு மாதமும் அவர் தட்டில் சோறு மிஞ்சியது.

பிறகுதான் எழுதினார், நாள், மணி, தொலைபேசி எண்ணோடு. ஆலைக் கணினியில் எழுதினால் அவர்கள் படிப்பார்கள் என்று கையால் எழுதினார். ஜெராக்ஸ் கடையில் ஒரு நகலாவது எடுத்து வைக்கச் சொன்னாள் பழனாத்தாள். அவர் ஒப்பவில்லை. நகல் எடுத்தால் அது இரண்டாவது கைக்குப் போய்விடும் என்பது அவர் ஆலைக்கே வகுத்துக் கொடுத்த விதி. தம் மனச்சாட்சிக்கும் அதே விதியை வைத்தார். விசாரணை வருகிற திங்கட்கிழமை. இன்று வியாழன்.

மதியம் நிர்வாக அதிகாரி கோவிந்தராஜுலு பெரிய மாலையோடு வந்தார். மாலையைச் சாத்தினார், கண்ணைத் துடைத்தார், பந்தலில் நஞ்சப்பனைத் தனியே அழைத்து நெடுநேரம் பேசினார். பிறகு நஞ்சப்பன் சமையலறைக்கு வந்து கதவை ஒருக்களித்தார்.

"அம்மணி, மாப்ள ஏதோ எழுதி வெச்சிருக்காராமா. இருந்தா குடுத்துப்போடு."

"அது கோர்ட்டுக்கு எழுதுனதுங்கண்ணா. நாசர் தம்பிக்கு."

"தெரியும். தெரிஞ்சுதான் அவரும் வந்திருக்காரு."

அதிகாரி சொன்னவற்றை அவர் தணிந்த குரலில் ஒப்பித்தார். தமயந்திக்குக் கணக்குப் பிரிவில் வேலை. அவள் கல்யாணம் வரை இந்த ஆலைக் குடியிருப்பிலேயே இருக்கலாம். எல்லாம் அந்த அதிகாரி எழுதும் ஒரு குறிப்பில் இருக்கிறது. எழுதாவிட்டால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"அந்தப் பாயி நல்லவந்தான். நான் இல்லீங்கல. ஆனா உனக்கு ஊடு வேணும், புள்ளைக்கு வேலை வேணும். செத்தவருக்கு என்ன வேணும், சொல்லு."

"அவரு கையெழுத்துங்கண்ணா."

"அதை வெச்சு வாடகை கட்ட முடியாது அம்மணி."

கதவிடுக்கில் தமயந்தி தெரிந்தாள். அப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்தில் மொய்த்த ஈக்களைக் கல்லூரி நோட்டு அட்டையால் ஓட்டிக்கொண்டிருந்தாள். பழனாத்தாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோவிந்தராஜுலு வாசற்படிவரை வந்து கைகூப்பினார். "சாரு எங்க குடும்பத்துல ஒருத்தருங்கம்மா. உங்களுக்கு ஒரு குறையும் வராதுங்க. இது நாட்டோட பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் பாருங்க, காயிதம் வெளிய போகக் கூடாது."

நாட்டின் பாதுகாப்பு. ஒரு மேலாளரின் சோம்பலை மூடிக்கொள்ள எத்தனை பெரிய போர்வை. சொல்கிறவர் முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இல்லை. பிறகு மடியிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் பிரிக்கவில்லை. கட்டைவிரலால் கனம் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நகல் ஏதாச்சும் இருக்குதுங்களாம்மா?"

"இல்லீங்க. அவரு நகல் எடுக்கறதில்லைங்க."

மூன்று மணிக்கு வெள்ளைச் சட்டையில் நாசர் வந்தார். பந்தலில் பேச்சு நின்றது. வா என்று எவரும் சொல்லவில்லை; போ என்று சொல்லவும் எவருக்கும் வாய் வரவில்லை. காகிதத்தில் சுற்றிய சம்பங்கி மாலையைப் பிரித்து மார்பில் சாத்திவிட்டு, திருமூர்த்தியின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். எட்டு மாதத்தில் ஆள் பாதியாயிருந்தார். பிறகு சமையலறை வாசலுக்கு வந்தார்.

"அண்ணி, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுங்க. எனக்கு வேற நாளில்லைங்க. திங்கக்கெழமைக்கு எல்லாத்தையும் எழுதியே தந்துடறேன்னு அண்ணன் சொல்லியிருந்தாருங்க."

கூடத்தில் நோட்டு அட்டை அசைவதை நிறுத்தியது. தமயந்தி தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

"ஒண்ணும் எழுதலைங்க தம்பி," என்றாள் பழனாத்தாள்.

நாசர் தலையை மெல்ல ஆட்டினார். கடைசியில் அவளுக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

"பரவால்லீங்க அண்ணி. எழுதோணும்னுதான் இருந்திருப்பாரு. நாளு கூடலை. நீங்க அதை மனசுல வெச்சுக்காதீங்க."

பந்தலின் மறுகோடியில் கோவிந்தராஜுலு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். தமயந்தி அழுதபடி சித்தியின் தோளில் சாய்ந்தாள். அம்மா நீட்டிய கையை அவள் பற்றவில்லை. கூட்டத்தின் கடைசி ஆளாக நாசர் வெறுங்காலோடு நடந்தார். தெருத் திருப்பத்தில், முன்பக்கம் தாங்கி வந்த கிழப் பங்காளி ஒருவர் மூச்சு வாங்கித் தடுமாறினார். பாடை ஒருபுறம் சரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டை ஓடி அதன் அடியில் தோள் கொடுத்தது. எவரும் தடுக்கவில்லை. பாடை நிமிர்ந்து, திரும்பி, மறைந்தது.

வீடு கழுவத் தண்ணீர்க் குடங்களோடு பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். படியோரம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. தேய்ந்த குதிகால், ஒரு வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. யாருடையது, தள்ளிவிடட்டுமா என்று கேட்டாள் ஒருத்தி.

பழனாத்தாள் குனிந்து இரண்டையும் கையில் எடுத்தாள். தண்ணீர் எட்டாத இடமாகப் பார்த்து, சுவரோரம், ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாள்.