மஞ்சள் பட்டை

முப்பத்தேழாயிரத்து நானூற்று ஐம்பது. இறந்து கிடந்த தம்பியின் முகத்தைக் குனிந்து பார்த்தபோதும், அவன் தரவேண்டிய அந்தத் தொகைதான் கொத்தனாருக்கு முதலில் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. பார்வையைச் சுவருக்கு மாற்றினார். மட்டம் பார்க்காமல் பூசிய சுவர்.

"மாமா, கொஞ்சம் உள்ள வாங்க," என்றாள் தம்பி மனைவி.

நான்கு மணிக்குச் சுடுகாட்டு வண்டி வரும். அதற்குள் தனியாகக் கூப்பிடுகிறாள் என்றால் செலவுக்குக் கேட்கத்தான் இருக்கும். சட்டைப் பையைக் கையால் மூடியபடியே போனார். கணினிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மகளும் பின்னால் வந்தாள்.

சமையலறையில் தம்பி மனைவி உட்காரச் சொல்லவில்லை.

"அவரு கூப்பிட்டப்ப நீங்க போனும் எடுக்கல. சரி. அஞ்சு மெயில் எழுதினாரு. ஒண்ணுக்காவது பதில் போட்டீங்களா மாமா?"

"வந்துச்சு."

"படிச்சீங்களா?"

"படிக்க வேண்டியதப் படிச்சேன்."

அவர் எழுத்துக் கூட்டக் கற்றதே நாற்பது வயதுக்கு மேல்தான், சிமெண்டு மூட்டைகளைப் பார்த்து. மூட்டைமேல் அச்சடித்திருப்பது எதுவோ அதுதான் உள்ளேயும் இருக்கும். அதனால் வாய்ப்பேச்சைவிட அச்செழுத்தை நம்பப் பழகிவிட்டார். மகள் போட்டுக் கொடுத்த மெயிலில் தம்பியின் முதல் கடிதம் வந்தபோது, அதன் தலையில் ஒரு மஞ்சள் பட்டை நின்றது: 'கவனம். இந்த அனுப்புநர் நம்பகமானவராகத் தெரியவில்லை.' விரல் வைத்து மூன்று முறை கூட்டிப் படித்தார். பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் மாறியவனைப் பற்றி இந்தப் போனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது! அடுத்த நான்கிலும் அதே பட்டை. அதற்குக் கீழே அவர் இறங்கவே இல்லை. குடும்ப மானம் என்று மகளிடமும் காட்டவில்லை.

இப்போது போனை அவளிடம் நீட்டினார். "நீயே பாரு, உங்க சித்தப்பனப் பத்தி என்ன போட்டிருக்குன்னு."

அவள் பார்த்தாள். "அப்பா, இது சித்தப்பாவப் பத்தி இல்ல. வேலை பாத்த அச்சகத்து மெயில்லேருந்து அனுப்பியிருக்காரு. அவங்க மெயில ஒழுங்கா பதிவு பண்ணி வைக்கல. அங்கேருந்து அந்த மொதலாளியே அனுப்பினாலும் இப்படித்தான் போடும்."

"அவனுக்கு நீ எப்பவும் பரிஞ்சுதான் பேசுவ. மூடி மறைக்காத."

"எங்க கடை மெயிலுக்கும் போன மாசம் இதே பட்டை வந்துச்சு. அப்ப நானும் திருடியா?"

மகள் பட்டைக்குக் கீழே தள்ளிக் காட்டினாள்.

'அண்ணே, பணம் சேந்துருச்சு. நேர்ல குடுக்கணும். வான்னு ஒரு வார்த்தை எழுது. நீ கூப்பிடாம உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்.'

தேதி போன வருடத்தது. ஐந்தாவது கடிதத்தில் ஒரே வரி: 'அண்ணே, வரட்டுமா?'

தம்பி மனைவி மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து கசங்கிய உறை ஒன்றை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"எண்ணிப் பாத்துக்குங்க. ஆஸ்பத்திரிக்குக்கூட இதத் தொட விடல."

பழக்கத்தில் கட்டை விரல் உறையின் வாய்க்குப் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு உறையை அவள் பக்கமே தள்ளினார்.

"குடுத்துட்டான்."

"வேணாம் மாமா, அவரு சொன்னது..."

"என் தம்பி குடுத்துட்டான்னு சொல்றேன்ல. கணக்கு தீந்துச்சு. உள்ள வை."

அவள் உறையைத் தொடாமல் முன்னறைக்குப் போனாள்.

"இந்தப் பட்டைய எடுக்க முடியாதா?" என்று மகளைக் கேட்டார்.

"'இவரை நம்புகிறேன்'னு ஒரு பொத்தான் இருக்குல்ல, அத அமுக்கினா போயிடும். குடுங்க."

"நான் அமுக்குறேன்."

சிமெண்டு தின்ற விரலைத் திரை ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். அசையவில்லை. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "அப்பா, கூப்பிடுறாங்க," என்றாள் மகள். விரலை நாக்கில் தொட்டு, இன்னொரு முறை வைத்தார்.

பட்டை மறைந்தது. 'அண்ணே, வரட்டுமா?' ஒரு வரி மேலே ஏறி நின்றது.