கருங்கோளுக்காக அழுதவர்கள்

‘கருங்கோள்’ படம் மதுரைக்கு வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குத் தாமரைச்செல்வியும் திவ்யாவும் போனார்கள். இருவரும் சிம்மக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள். தாமரைச்செல்வி வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். திவ்யாவுக்குச் சோழவந்தானிலிருந்து ரயில். நான்கு வருடமாக ஒரே மேசை. ஒருத்தி ஊசி குத்தினால் இன்னொருத்தி குழாயில் பெயர் எழுதி ஒட்டுவாள். மதியம் இரண்டு டிபன் பாக்ஸும் ஒன்றாகத்தான் திறக்கும்.

படம் இங்கிலீஷ் படம்தான். தமிழில் பேச வைத்திருந்தார்கள். மனிதர்கள் பெரிய கப்பலில் கிளம்பிப் போய் வேறொரு கிரகத்தில் இறங்குகிறார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு சனம் வாழ்கிறது. அடுப்புச் சட்டியின் அடிப்பக்கம் போலக் கறுத்த தோல், பெரிய பெரிய கண்கள். போனவர்கள் அவர்களுடைய மண்ணைப் பிடுங்கி, அவர்களையே சுரங்கத்துக்குள் இறக்கி வேலை வாங்குகிறார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி. தளபதியின் மகன் ஆற்றில் விழுந்துவிடுகிறான். சுரங்கத்து வேலைக்காரப் பெண் ஒருத்தி குதித்து அவனைக் கரைக்குத் தூக்கி வருகிறாள். ஓடிவந்த தாய் பிள்ளையை வாங்கியதும் கட்டிக்கொள்ளவில்லை. முதலில் மருந்துத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பெண்ணின் கை பட்ட இடமெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். காப்பாற்றியவள் உடம்பில் ஆற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வசனமே இல்லை.

தியேட்டரில் விசில் சத்தம் அடங்கிப்போனது. அங்கங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம். முன்வரிசையில் பெரிய மீசைக்காரர் ஒருவர் முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார். தாமரைச்செல்வி துடைக்கவே இல்லை, வாய்விட்டே தேம்பினாள்.

அவளுக்கு அழக் காரணம் இருந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழா நடனத்தில் எந்த வருடமும் அவளுக்குக் கடைசி வரிசைதான். தாய்மாமன் வீட்டில் அவள் பெயர் கருவாச்சி. பெண் பார்க்க வந்த நான்கு வீட்டாரும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, “பொண்ணு லட்சணந்தான், கலருதான் கொஞ்சம்...” என்று இழுத்துவிட்டுப் போனவர்கள். ஐந்தாவதாக வந்த ராம்கிதான் சரி என்றான். வாடிப்பட்டியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். நிச்சயம் முடிந்து, தை மாதம் கல்யாணம் என்று நாள் குறித்தாகிவிட்டது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். திவ்யா சோளப்பொரியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, ஒனக்கு அழுகையே வரலையா? கல்லாடி நீ?”

“நீ அழு. எனக்கும் சேத்து அழு” என்றாள் திவ்யா.

படம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ஸ்ரீநாத் என்ற பையன் மைக்கோடு நின்றான். படம் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டு யூடியூப்பில் போடுகிறவன். அழுது சிவந்த கண்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டான். “அக்கா, ஒரே நிமிசம்க்கா, படம் எப்படி இருந்துச்சு?” என்று மைக்கை நீட்டினான். திவ்யா இரண்டு எட்டு நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். தாமரைச்செல்வி பேசினாள். பேசப்பேச அழுகை திரும்ப வந்தது.

“அந்தப் புள்ள உசுரக் குடுத்துக் காப்பாத்துது. அது தொட்டாக் கழுவுறாய்ங்க. நெறத்த வச்சு மனுசன ஒதுக்குறது எம்புட்டுப் பெரிய பாவம் தம்பி? என்னையே சின்னதுல இருந்து கருவாச்சின்னுதான் கூப்பிடுவாங்க. நான் பாத்ரூமுக்குள்ள போயி அழுதிருக்கேன். இந்தப் படத்தப் பாத்துட்டு ஒருத்தராவது திருந்தணும்.”

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு பெண்மணி வந்து அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் அந்த வீடியோவை நான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். ‘கதறி அழுத இளம்பெண்’ என்று தலைப்பு. முகப்பில் ஒரு பக்கம் அவள் முகம், இன்னொரு பக்கம் படத்து வேலைக்காரப் பெண்ணின் முகம். இரண்டையும் ஒட்டி வைத்திருந்தான் ஸ்ரீநாத். நல்லெண்ணத்தில்கூடச் செய்திருப்பான். அதற்குக் கீழேதான் ஆரம்பித்தது.

“படத்துல நடிச்ச புள்ளையே நேர்ல வந்திருச்சு டோய்.”

“இதுக்கு மேக்கப் செலவே மிச்சம்.”

“கரண்ட் போனா எங்க தேடுறது?”

எழுதியவர்களில் ஒருவனுடைய பக்கத்துக்குள் போய்ப் பார்த்தாள். முந்தின நாள்தான் அவன், ‘கருங்கோள் பார்த்தேன், ஆற்றங்கரைக் காட்சியில் உடைந்து அழுதேன், மனிதனாக இருப்பதற்கே வெட்கப்படுகிறேன்’ என்று எழுதியிருந்தான்.

ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டு வீடியோவை எடுத்துவிடச் சொன்னாள்.

“எனக்கே கஷ்டமாத்தான்க்கா இருக்கு. ஆனா இம்புட்டுப் பேரு பாத்தப்புறம் எடுத்தா சேனல் படுத்துரும். ஒண்ணு செய்வோமா? கமெண்ட்டுக்கெல்லாம் பதில் சொல்ற மாதிரி இன்னொரு வீடியோ எடுப்போம். அன்னிக்கு மாதிரியே கொஞ்சம் அழுகையோட பேசுங்க. பெருசாப் போகும்க்கா.”

போனை வைத்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே மறுபடி கருத்துகளைப் படித்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ராம்கியின் கூட்டாளி தவசி எழுதியிருந்தான்: “மாப்ள ராம்கி, ஒனக்கு வேத்துக் கிரகத்துல இருந்தா பொண்ணு எடுத்திருக்காய்ங்க?” அதற்குக் கீழே ராம்கியின் பதில்: “டேய், நம்ம ஆளுடா, விடுங்கடா.” பக்கத்தில் மூன்று சிரிப்புப் பொம்மைகள்.

கூப்பிட்டுக் கேட்டாள்.

“அட, அது சும்மா செல்வி” என்றான் ராம்கி. “நான் கோவப்பட்டா அவய்ங்க இன்னும் ஓட்டுவாய்ங்க. சிரிச்சு விட்டாத்தான் அடங்குவாய்ங்க. நானும் அந்தப் படத்தப் பாத்து அழுதவன்தான், தெரியும்ல?”

“அழுதீங்க. தப்புடான்னு ஒரு வார்த்த எழுத வரலையா ஒங்களுக்கு?”

“அது படம் செல்வி” என்றான் ராம்கி. பிறகு, அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “கல்யாணத்துக்கு மேக்கப்காரம்மாகிட்ட அம்மா பேசிருச்சு. ரெண்டு ஷேடு கூட்டிப் போட்டுருவாங்களாம். நீ ஒண்ணும் கவலப்படாத” என்றான்.

தாமரைச்செல்வி நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. பஸ்ஸில் யாராவது போனைப் பார்த்துவிட்டுத் தன் முகத்தைப் பார்ப்பார்களோ என்று பயம். அம்மா அன்னக்கொடி சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஊருக்கே கூப்பிட்டுச் சொன்னியாக்கும் நான் கருப்புன்னு” என்று புலம்பினாள்.

மூன்றாம் நாள் இரவு தவசியின் கருத்துக்குக் கீழே புதிதாக ஒன்று வந்திருந்தது. திவ்யா தன் சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தாள்: “அழுற பொண்ணப் பாத்துச் சிரிக்க வெக்கமா இல்ல? பொண்ணு எடுத்திருக்கிற நீங்களும் சேந்து சிரிக்கிறீங்களே, ராம்கி.” அதற்குக் கீழே முப்பது நாற்பது பேர் பாய்ந்திருந்தார்கள். திவ்யாவின் பக்கத்தைத் துழாவி, அவள் எந்த ஊர், எந்தத் தெரு என்று கண்டுபிடித்து, அந்தத் தெருவின் பெயரைச் சொல்லியே வைதிருந்தார்கள். தாமரைச்செல்வியைச் சொன்னது அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. திவ்யா எதையும் அழிக்கவில்லை. எழுதியது எழுதியபடி நின்றது.

அந்தத் தெரு விஷயம் தாமரைச்செல்விக்குத் தெரியாததல்ல. நான்கு வருடத்தில் ஒருநாளும் அதைப் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் பெரிய மனது என்று அவள் நினைத்திருந்தாள்.

நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு திவ்யா வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இந்த வீட்டுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. தாமரைச்செல்வி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

“வா தாயி, வா” என்று அன்னக்கொடி வாய் நிறையக் கூப்பிட்டாள். “எம்மகளத் தேடி இம்புட்டுத் தூரம் வந்திருக்கியே. எந்த ஊரு தாயி?”

“சோழவந்தான்ங்கம்மா.”

“சோழவந்தான்ல எங்கிட்டு?”

திவ்யா தயங்காமல், “ரயில்வே கேட்டத் தாண்டி, காலனிங்கம்மா” என்றாள்.

“நல்லது, நல்லது” என்றாள் அன்னக்கொடி. முகத்தில் சிரிப்பு மாறவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து முன்பக்கத் தகரக் கொட்டகையில் போட்டாள். “உள்ள ஒரே புழுக்கம். இங்கிட்டு உக்காரு தாயி, காத்தோட்டமா இருக்கும்.”

உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையில் தகரம் கொதித்தது.

தாமரைச்செல்வியும் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். திவ்யா லேபில் நடந்ததையெல்லாம் சொன்னாள். ஊசி என்றதும் மயங்கி விழுந்த போலீஸ்காரர் கதையைச் சொன்னபோது தாமரைச்செல்வி நான்கு நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். அப்போது டீ வந்தது. மகளுக்குச் சில்வர் டம்ளர். திவ்யாவுக்குப் பேப்பர் கப்.

தேங்காய் வெட்ட வருகிறவர்களுக்கென்று அந்தப் பேப்பர் கப் கட்டு அடுப்படி மேல்தட்டில் கிடக்கும். அதை வாங்கி வந்ததே தாமரைச்செல்விதான். கழுவுகிற வேலை இல்லை என்று அம்மா சொன்னபோது, ஆமாம் அதுவும் சரிதான் என்று சிம்மக்கல்லிலிருந்து நூறு கப் வாங்கி வந்தாள்.

‘அம்மா, டம்ளர்ல கொண்டா.’ மூன்று வார்த்தைதான். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா நிலைப்படியில் நின்று அவள் முகத்தையே பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தாமரைச்செல்வி குனிந்து தன் டீயை ஊதினாள்.

திவ்யா கப்பைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். பிறகு தாமரைச்செல்வியைப் பார்த்தாள், அவசரமில்லாமல் பார்த்தாள். அப்புறம் டீயைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். கப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தேடியபோது அன்னக்கொடி, “அங்கிட்டுத் தென்னமரத்து மூட்டுல போட்டுரு தாயி” என்றாள். திவ்யா போய்ப் போட்டுவிட்டு வந்து, “வாரேன்ங்கம்மா” என்று சொல்லிக்கொண்டு கிளம்பினாள். தாமரைச்செல்வி தெருமுனை வரைக்கும் கூடவே நடந்தாள். பஸ் சீக்கிரம் வந்துவிட்டது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். திவ்யா குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா அந்தக் காலத்து ஆளுடி. மனசுல வச்சுக்காத.”

“ஒங்கம்மா மேல எனக்கு என்ன கோவம்?” என்றாள் திவ்யா, கையில் இருந்த வேலையை நிறுத்தாமல். “அவங்கள நேத்துத்தான் பாத்தேன். ஒன்னைய நாலு வருசமாப் பாக்குறேன்.”

தாமரைச்செல்விக்குக் கண் கலங்கியது.

“அழுகாத” என்றாள் திவ்யா. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “தியேட்டர்லயும் இப்படித்தான் எல்லாரும் அழுதீங்க. நான் படத்தப் பாக்கல, சுத்தி இருந்தவங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இம்புட்டுப் பேரு அழுறாய்ங்களே, இதுல எம்புட்டுப் பேரு வெளிய போயி என்னைய எந்தத் தெருன்னு கேப்பாய்ங்கன்னு மனசுக்குள்ள எண்ணுனேன். அந்த வரிசைல ஒன்னைய மட்டும் விட்டுட்டு எண்ணுனேன்.”

அன்று மதியம் திவ்யா வெளியே போய்ச் சாப்பிட்டாள்.

தாமரைச்செல்வி வீட்டுக்குப் போன வேகத்தில் மேல்தட்டிலிருந்த கப் கட்டை இழுத்துத் தரையில் அடித்தாள். அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். அன்னக்கொடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சிதறிய கப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள்.

“குடிச்சவ குடிச்சிட்டுப் பேசாமப் போயிட்டா. ஒனக்கு எதுக்குடி ஆங்காரம்? ஒன் நெறத்துக்கு அந்த வீட்டுல சரின்னு தலையாட்டுனதே பெருசு. காலனிப் புள்ளைக்கு டம்ளர்ல குடுத்தோம்ங்கிற பேரும் சேந்து போச்சுன்னா வெளங்கும். நேத்து அவ உக்காந்திருக்கையில நீயும் இருந்தியே, அப்ப எங்கடி போச்சு இந்த வாயி?”

கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று தாமரைச்செல்வி இரண்டு நாள் நினைத்தாள். ராம்கி நேரில் வந்து, தவசியோடு இனி பேச்சே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். மூன்றாம் நாள் அந்த நினைப்பும் போய்விட்டது. ஆறாவதாக ஒருவன் வருவான் என்று யார் கண்டது?

அதே மாதம் திவ்யா வேலையை மாற்றி வாங்கிக்கொண்டாள். விடிகாலையில் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் முதியவர்களிடம் ரத்தம் எடுத்து வருகிற வேலை. தாமரைச்செல்வி வருவதற்குள் அவள் குழாய்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பாள். ஒருநாள் முன்கூட்டியே வந்து காத்திருந்து பத்திரிகை வைத்தாள் தாமரைச்செல்வி. திவ்யா இரண்டு கையாலும் வாங்கி, பெயர்களைப் படித்துப் பார்த்து, “கண்டிப்பா வாரேன்” என்றாள்.

வந்தாள். லேப் ஆட்களோடு வேனில் வந்து, அவர்களோடு மேடை ஏறி, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, போட்டோவுக்கு ஓரமாக நின்றாள். தாமரைச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “சாப்பிட்டுட்டுப் போகணும் திவ்யா, சாப்பிடாமப் போகக் கூடாது” என்றாள். திவ்யா தலையை ஆட்டிவிட்டுக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

மற்றவர்கள் பந்திக்குப் போகிற கதவுப் பக்கம் திரும்பினார்கள். திவ்யா நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நேராக நடந்து, வாசலில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, ரோட்டுக்கு இறங்கிவிட்டாள்.

“யாரு அந்தப் புள்ள? என்னைய மொறைச்ச மாதிரி இருந்துச்சு” என்று ராம்கி காதோரம் கேட்டான்.

“லேப்ல கூட வேலை பாக்குறவ” என்றாள் தாமரைச்செல்வி.

ராம்கியின் சித்தப்பா குடும்பம் மேடை ஏறிக்கொண்டிருந்தது. அவள் கைகூப்பினாள்.