முப்பத்தொரு விநாடி

இராஜரட்ணம் ஒரு நாட்டை முன்னேற்றிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு டயர் கடைக்குப் பின்னாலிருந்த தன் தையல் யூனிட்டில், கோட் சூட் போட்டுக்கொண்டு, ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து முன்னேற்றிக்கொண்டிருந்தார். முன்னேற வேண்டிய நாடு ஹெயிட்டி. அங்கே இரண்டு தரம் போய்வந்திருக்கிறார். இரண்டு தரமும் ஹோட்டல் வாசலைத் தாண்டவில்லை என்பதை அவரே பெருமையாகச் சொல்லுவார்.

முன்னால் கதிரைகளில் முதலீடு செய்ய வந்த ஆறு பேர். சுவரில் ஒரு பெரிய திரை.

"உலகத்தில முன்னேறின நாடெல்லாம் சட்டை தைச்சுத்தான் துவங்கினது," என்றார் இராஜரட்ணம். "முதல்ல சட்டை, பிறகு கார், பிறகு கம்பியூட்டர். ஏன், எங்கட இலங்கையைப் பாருங்கோவன்."

இலங்கையை விட்டு உயிர் தப்பி ஓடிவந்த ஆறு பேரும், ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

மூலையில் ஓவர்லொக் தையல் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பரிமளத்துக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பத்துநாலு வயது, மட்டக்களப்பு. பதினெட்டு வருடமாக இந்த யூனிட்டில் மாதிரிச் சட்டை தைக்கிறவள். அவள் தைத்துக் காட்டுகிற மாதிரியைப் பார்த்துத்தான் ஹெயிட்டியில் நானூறு பெண்கள் ஆயிரக்கணக்கில் தைக்கிறார்கள். அதற்கு முன் கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸ் வேலை. இராஜரட்ணம் சொன்ன அந்த முன்னேற்றத்தை அவள் ஆறு வருடம் நேரில் இருந்து பார்த்தவள். கக்கூசுக்குப் போகக்கூட அட்டை கேட்டு வாங்கவேண்டிய முன்னேற்றம் அது.

திரையில் ஹெயிட்டியிலிருந்து இராஜரட்ணத்தின் தொழிற்சாலை நேரடியாகத் தெரிந்தது. மனேஜர் கஸ்பர் கை காட்டினான். மன்னார்ப் பெடியன், இலங்கையில் கார்மென்ட்ஸ் படித்து, ஆறு வருடமாக அங்கே இருந்து, அந்த ஊர்க் கிரியோல் பாஷை தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிறவன். இராஜரட்ணத்தின் பேச்சை முதலிலிருந்தே கிரியோலில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்; அவனுக்குப் பின்னால் ஒரு லைன், ஒரே வரிசையில் தைக்கிற பெண்கள், வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"இப்ப பிரச்சினை என்னெண்டால்," என்றார் இராஜரட்ணம், "அங்கத்தையாக்கள் மெத்தனம். ரீ-சேட்டுக்குக் கழுத்துப் பட்டி வைக்க நாப்பத்தைஞ்சு விநாடி. மணித்தியாலத்துக்கு எண்பது. அதுக்கு மேல ஏலாதெண்டு நிக்கினம். எங்கட பரிமளம் இப்ப தைச்சுக் காட்டுவா. அவ எடுக்கிற நேரம்தான் திங்கக்கிழமையிலயிருந்து அங்க டார்கெட்."

பரிமளத்துக்குத் திக்கென்றது. நேற்று அவர், "சும்மா உங்கட கைவேகத்தைக் காட்டினால் போதும்" என்றுதான் சொல்லியிருந்தார். இலக்கு ஏறினால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கேட்ட தொகையை முடிக்காதவள் முடிக்குமட்டும் நிற்கவேண்டும். நாலரைக்குப் பஸ் போய்விடும். பிறகு அந்த ஊர் றோட்டில் இருட்டில் நடந்துதான் வீடு போகவேண்டும். அந்த றோட்டில் என்னென்ன நடக்கிறது என்று கஸ்பர் அவளுக்குப் போனில் சொல்லியிருக்கிறான்.

ஸ்டொப்வாட்சோடு ஒருவன் பின்னால் வந்து நின்றால் கையை மெதுவாக்க வேண்டும். கார்மென்ட்சில் முதல் நாளே பழகுகிற பாடம் இது. எந்த நாட்டு லைனிலும் இதற்கு மட்டும் ட்ரெயினிங் தேவையில்லை. பரிமளமும் ஐம்பது விநாடிக்குக் குறையாமல் தைப்பது என்று முடிவெடுத்தாள்.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த இரத்தினவேல் வாயைத் திறந்தார். வீடு விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட். பஸ் தரிப்பிட விளம்பரமெல்லாம் அவர் முகம்தான் சிரித்துக்கொண்டிருக்கும்.

"அண்ணை, உவவுக்கு இந்த வயசில ஏலுமே? கண் தெரியுமோ?"

ரோல்ஸை மென்றபடி கேட்டார்.

அவ்வளவுதான். பெடலில் கால் விழுந்தது. பட்டியை மடித்ததும், கழுத்தில் பிடித்ததும், சுற்றி இழுத்ததும், நூலைக் கத்தரித்ததும் ஒரே ஓட்டம். தைத்து முடித்துச் சட்டையை மேசையில் எறிந்தபோதுதான் அவளுக்குத் தான் செய்த வேலை விளங்கியது.

"முப்பத்தொண்டு," என்றார் இராஜரட்ணம்.

கைதட்டினார்கள். இராஜரட்ணம் எங்கேயோ ஒளித்து வைத்திருந்த பொன்னாடையை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். நம்மவர்களுக்குப் பொன்னாடை இல்லாமல் ஒரு காரியம் நடந்து முடியாது; கழுத்துப் பட்டி வைத்தாலும் போர்த்துவார்கள்.

பரிமளத்துக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பொன்னாடைக்கு அல்ல. இதே பிழையை அவள் ஏற்கெனவே ஒரு தரம் விட்டவள். கட்டுநாயக்காவில், இருபத்திரண்டு வயதில், "நல்ல பிள்ளை" என்று சூப்பர்வைசர் ஒருவன் சொன்னதற்காக, லைன் முழுக்கக் கையை மெதுவாக்கியிருந்த நேரத்தில் அவள் ஒருத்தி பறந்து தைத்தாள். பரிசாக ஒரு பிளாஸ்ரிக் வாளி கிடைத்தது. அடுத்த கிழமை எல்லாருக்கும் இலக்கு ஏறியது. தங்கியிருந்த போர்டிங்கில் மூன்று மாதம் ஒரு பெண்ணும் அவளோடு முகம் பார்த்துப் பேசவில்லை. முப்பத்திரண்டு வருடம் கழித்தும் அவளுக்குப் புத்தி வந்தபாடில்லை. ஆம்பிளை ஒருவன் புகழ்ந்தாலும் கை பறக்கிறது, இளக்காரமாகப் பேசினாலும் பறக்கிறது. சீ என்று இருந்தது.

திரையில் ஒரு பெண் முன்னால் வந்தாள். முப்பது வயது இருக்கும், தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள். பரிமளத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"மிர்லாந்த் எண்டு பேர். இதே வேலைதான் செய்யிறவ," என்றான் கஸ்பர். கொஞ்சம் தயங்கினான். "அக்காட்ட ஒரு கேள்வியாம். நீங்கள் இவ்வளவு கெதியாத் தைச்சு உங்கட நாடு முன்னேறீற்றுதெண்டால், நீங்கள் ஏன் இப்ப அங்க இல்லை எண்டு கேக்கிறா."



"மகளைப் பாக்க வந்து நிக்கிறா எண்டு சொல்லு," என்றார் இராஜரட்ணம். பிள்ளை குட்டி இல்லாத பரிமளம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மனிசன் கூசாமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

அவள் பொன்னாடையைக் கழற்றிக் கதிரையில் போட்டாள்.

"அண்ணை, ஒரு சட்டையை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. ஒண்டு எவளும் தைப்பாள். ஒரு மணித்தியாலம் தைக்கிறன். அந்தப் பிள்ளையும் தைக்கட்டும். உந்த அண்ணையே என்ர பக்கம் எண்ணட்டும்," என்று இரத்தினவேலைக் காட்டினாள். "என்ர கண்ணில அவருக்குத்தானே சந்தேகம்."

இராஜரட்ணம் தடுக்கப் பார்த்தார். ஆனால் போட்டி என்றால் நம்மவர்களுக்கு ஊரில் கொடிகாமத்தில் நடக்கும் மாட்டுவண்டிச் சவாரி ஞாபகம் வந்துவிடும். ஆறு பேரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வெட்டி வைத்திருந்த துணிப் பெட்டியைப் பரிமளம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அங்கே மிர்லாந்த் தன் மெசினில் உட்கார்ந்தாள்.

இந்த முறை பரிமளம் கையை மெதுவாக்கவில்லை. உண்மையாகவே தைத்தாள். முதல் பத்து நிமிடம் இரத்தினவேல் உரத்து எண்ணினார். பதினைந்தில் தோள் பிடித்தது. இருபதில் நூல் அறுந்து திரும்பக் கோர்த்தாள். இராஜரட்ணம் ஸ்டொப்வாட்சை நிறுத்தப் போனார்.

"நிப்பாட்டாதேங்கோ. அங்க நூல் அறுந்தால் நிப்பாட்டுறியளோ?"

நாற்பதாவது நிமிடம் எழுந்து கக்கூசுக்குப் போனாள். ஆறு கனவான்களும் தரையைப் பார்த்துக்கொண்டு, ஓடுகிற நேரத்தோடு காத்திருந்தார்கள். அந்தச் சங்கடம் அவர்களுக்கு நன்றாக வேண்டும் என்று கையை ஆறுதலாகக் கழுவினாள்.

மணி முடிந்தது. "எழுபது," என்றார் இரத்தினவேல். குரலில் சத்தம் இல்லை.

"இங்க எழுபத்தொன்பது," என்றான் கஸ்பர். லைன் முழுக்க 'ஓ' என்று எழும்பியது. மிர்லாந்த் நெற்றியைத் துடைத்தபடி ஏதோ சொன்னாள். "அக்காவை இங்க வேலைக்கு எடுக்கமாட்டினமாம். பின்னேரம் பஸ்ஸை விட்டிடுவியளாம்."

பரிமளம் வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்காபரோவில் தன்னை வெல்ல ஆளில்லை என்ற கொழுப்பு அந்தச் சிரிப்போடு போயிற்று. போனது நல்லதுதான்.

"அவ களைச்சுப் போனா," என்றார் இராஜரட்ணம். "முதல் எடுத்த முப்பத்தொண்டை வைப்பம்."

"அண்ணை, எண்ணினது நான்," என்றார் இரத்தினவேல். "முப்பத்தொண்டெண்டால் மணித்தியாலத்துக்கு நூற்றுப்பதினாறு எண்டெல்லோ கணக்கு வருது? அது வராதே. பிறகு நான் எதை நம்பிக் காசு போடுறது?"

ஹெயிட்டிப் பெண்கள் பஸ்ஸை விடுவது பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. தன் காசுதான் கவலை. ஆனாலும் அந்த நேரத்தில் அது போதுமாக இருந்தது. "அப்ப எண்பதிலயே விடுவம் அண்ணை," என்று கஸ்பர் முந்திக்கொண்டான். ஆறு பேருக்கு முன்னால் இராஜரட்ணத்தால் மறுக்க முடியவில்லை. "சரி, இப்போதைக்கு," என்றார்.

பிறகு பரிமளத்தின் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "நீங்கள் இனி வீட்டில ஆறுதலா இருங்கோ. திங்கக்கிழமை வரத் தேவையில்லை," என்றார்.

பதினெட்டு வருடம். இந்த வயதில் இன்னொரு மெசின் தேடி எந்தக் கதவைத் தட்டுவது? அழுகை வரும்போல இருந்தது. இவருக்கு முன்னால் அழுவதா என்று விழுங்கிக்கொண்டு, திரையைப் பார்த்துப் பேசினாள்.

"தம்பி கஸ்பர், அந்தப் பிள்ளை கேட்டதுக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை. நாடு முன்னேறினதோ எனக்குத் தெரியாது எண்டு சொல்லு. எங்கட லைனில நாப்பது பேர் இருந்தனாங்கள். அதில ஒருத்தியும் தன்ர மகளைக் கார்மென்ட்சுக்கு அனுப்பேல்லை. அதுமட்டும் எனக்கு வடிவாத் தெரியும்."

கஸ்பர் சொன்னான். லைன் முழுக்கத் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தது. மிர்லாந்த் ஒரே ஒரு வசனம் சொல்லிவிட்டு அடுத்த சட்டையைக் கையில் எடுத்தாள்.

"என்னவாம்?" என்றார் இராஜரட்ணம்.

"தாங்களும் அனுப்பமாட்டினமாம், அண்ணை."